இறுதி யாத்திரை: அன்றும் இன்றும்

மண்ணில் பிறந்தோர் யாவரும் ஒருநாள் மறைய வேண்டியவர்களே. இறந்தவரை மரியாதையுடன் வழியனுப்புவது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான கடமை. சுடுகாட்டைப் பொருளாகக் கொண்டு பதிகம் பாடிய காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் நம் ஊர். ஆகவே இதைப் பற்றிப் பேச நாம் தயங்க வேண்டியதில்லை. இக்கடமை எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதைச் சிறிது காண்போம்.

முற்காலத்தில் இறுதிச் சடங்கு ஊராரின் கைவேலையாக இருந்தது. கோயிலில் துக்கமணி ஒலித்ததும் அண்டை வீட்டார் கூடுவர். உடலைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, பந்தல் போடுவது, துக்க வீட்டாருக்குக் கஞ்சி காய்ச்சுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்துக்கள் மூங்கிலால் பாடை கட்டினர். கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ‘தூம்பா’ என்னும் பொதுப்பெட்டி இருந்தது. போர்த்துக்கீசிய மொழி தந்த சொல் இது. பள்ளிவாசல்களில் உள்ள ‘சந்தூக்’ என்பதும் இத்தகையதே. ஏழைக்கும் செல்வருக்கும் அதே பெட்டிதான்.

நம் காரைக்கால் 1739 முதல் 1954 வரை, ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தப் பிரான்சிலும் இத்தொழில் கைமாறியே வந்துள்ளது. அடக்கத்திற்கு வேண்டிய வண்டி, துணி முதலியவற்றை அளிக்கும் உரிமையை 1804-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலயங்களுக்கு அளித்தது. 1904-இல் அது நகராட்சிகளுக்குப் போயிற்று. 1993-இல் தனியார் நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

நம் பகுதியில் இம்மாற்றத்தைத் தேவையே கொண்டு வந்தது எனலாம். பிள்ளைகள் பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் வந்து முகம் பார்க்கும்வரை உடலைக் காக்கப் பனிக்கட்டியும் உமியும் போதுமா? எனவே குளிர்பதனப் பெட்டி வாடகைக்கு வந்தது. தோள் கொடுத்த இடத்தில் அமரர் ஊர்தி. பந்தலுக்குப் பதில் சாமியானா. திருச்சபையும் காலத்தை உணர்ந்து 1963-இல் உடல் தகனத்தை அனுமதித்தது. 1969-இல் வெளியிட்ட புதிய அடக்கச் சடங்கு முறையில் உயிர்ப்பின் நம்பிக்கையை முதன்மைப்படுத்தியது. தகனம் செய்த சாம்பலைத் தூவிவிடாமல் புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் அறிவுறுத்தியது.

ஆனால் பணத்தால் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியுமா? 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது காரைக்கால் மாவட்டத்தில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமக்குத் தெற்கே வேளாங்கண்ணியில் பலரை ஒரே குழியில் அடக்க வேண்டியதாயிற்று. அன்று பெட்டியும் இல்லை, ஊர்வலமும் இல்லை. மனிதர்களின் கைகளே இருந்தன. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தாமே மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்தார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஐப்பசி அடைமழையில், தோண்டத் தோண்ட நீர் ஊறும் மண்ணில் நின்று நமக்காகக் குழி வெட்டுபவர் யார்? அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடையும் பெட்டியும் வண்டியும் மாறின. அத்தொழிலாளரைச் சற்று ஒதுக்கியே வைக்கும் நம் வழக்கம் மட்டும் இன்னும் முழுதாக மாறவில்லை. மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என ஞானோபதேசத்தில் படிக்கிறோம். அரசனின் சினத்துக்கும் அஞ்சாமல் அதைச் செய்த தோபித்துவைப் போற்றுகிறோம். அப்படியானால் நாள்தோறும் அதையே செய்பவரை எவ்வாறு தாழ்வாக எண்ணலாம்?

வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மலரும் மெழுகுவர்த்தியும் ஏந்திச் செல்வோம். அங்கே மண்வெட்டியுடன் நிற்பவரிடம், “ஐயா, நலமா?” என்று கேட்டு அவர் பெயரையும் அறிந்து வருவோம். மரித்தோருக்குச் செய்யும் மரியாதை அப்போதுதான் நிறைவு பெறும்.