போலீஸ் இல்லாத லண்டனும் துப்பறியும் பிரபுவும்

1811 டிசம்பர் 7, சனிக்கிழமை. லண்டனின் கிழக்கே, துறைமுகத்தை ஒட்டிய ராட்கிளிஃப் ஹைவே தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர் திமோதி மார். நள்ளிரவு நெருங்கும் நேரம். வேலைக்காரப் பெண் மார்கரெட் ஜுவலிடம் பணத்தைக் கொடுத்து, சிப்பி வாங்கிவரவும் ரொட்டிக்கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வரவும் அனுப்பினார். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. வெறுங்கையோடு திரும்பிய அவள் கதவைத் தட்டினாள், திறக்க ஆளில்லை. அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் பின்சுவர் ஏறி உள்ளே போய்ப் பார்த்தபோது மார், அவர் மனைவி, கடைப்பையன், பிறந்து சில மாதங்களே ஆன கைக்குழந்தை என நால்வரும் பிணமாகக் கிடந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, அருகிலிருந்த மதுக்கடை ஒன்றில் மேலும் மூவர் கொல்லப்பட்டார்கள்.

மாரின் வீட்டில் கொலைகாரன் விட்டுப்போன சம்மட்டி ஒன்று கிடைத்தது. கப்பல் தச்சர்கள் பயன்படுத்தும் வகை அது. அதன் தலையில் ‘ஜே.பி.’ என்ற எழுத்துகள் புள்ளிபுள்ளியாகக் குத்தப்பட்டிருந்தன. கொலையாளியை நோக்கிக் கைகாட்டும் முதல் தடயம். ஆனால் ரத்தமும் முடியும் ஒட்டிக் கிடந்த அந்த இரும்பைத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று பல நாள் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஜான் வில்லியம்ஸ் என்ற மாலுமியைப் பிடித்தார்கள். விசாரணை முடியும் முன்பே அவன் சிறையில் தூக்கில் தொங்கினான். டிசம்பர் 31 அன்று அவன் உடலை வண்டியில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோய், நாற்சந்தியில் குழி தோண்டி, நெஞ்சில் மரமுளையை அறைந்து புதைத்தார்கள். அவன்தான் கொலைகாரனா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை.

விருந்து நடனமும் பட்டுக் கையுறையுமாக நாம் சினிமாவில் பார்க்கும் ரீஜென்சி கால இங்கிலாந்து இதுதான். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிப்போனதால், 1811 பிப்ரவரி முதல் 1820-இல் மன்னர் இறக்கும் வரை அவர் மகன் அரசப் பிரதிநிதியாக ஆண்டார். அந்த ஒன்பது ஆண்டுகளைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்கள் ஆங்கிலத்தில் தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலும் துப்புத் துலக்குபவர் ஒரு பிரபுவாகவோ, பிரபுக்களோடு சரிசமமாக உட்கார்ந்து பழகும் கனவானாகவோ இருப்பார். இது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கால லண்டனில் நீதி எப்படி நடந்தது என்று பார்த்தால், இதற்கான காரணம் புரியும்.

விசாரிக்க ஆளில்லாத நகரம்

1811-இல் லண்டனின் மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டிவிட்டது. ஆனால் நகரத்துக்கென்று காவல்துறை கிடையாது. மெட்ரோபாலிட்டன் போலீஸ் பிறந்ததே 1829-இல்தான். அதில் துப்பறியும் பிரிவு அமைந்தது 1842-இல். அதற்கு முன்பு இருந்தவர்கள் தேவாலய வட்டாரங்களின் இரவுக் காவலர்கள், ஊதியமில்லாத கான்ஸ்டபிள்கள். 1749-இல் நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் தொடங்கிய ‘பௌ ஸ்ட்ரீட் ரன்னர்கள்’ பெயர்பெற்றவர்கள். ஆனால் எண்ணிக்கையில் மிகச் சொற்பம். 1792 சட்டப்படி நகரின் ஏழு இடங்களில் நடுவர் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் மூன்று நடுவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய காவலர்களும் இருந்தார்கள்.

குற்றவாளி மீது வழக்குத் தொடுப்பதும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் வீட்டாரின் பொறுப்பு. செலவும் அவர்களுடையதே. மரண விசாரணை பக்கத்து மதுக்கடையில் நடக்கும். கைரேகை ஒப்பீடு கிடையாது. ஆர்சனிக் விஷத்தை நிச்சயமாகக் கண்டறியும் மார்ஷ் சோதனை வந்தது 1836-இல். ஆக, பணமில்லாதவர் கொல்லப்பட்டால் துப்பறிய யார் வருவார்கள்? சட்டம் கடுமையாக இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. தண்டிக்கக் கயிறு தயாராக இருந்தது. உண்மையைத் தேட ஆள் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் நாவலாசிரியர்கள் தங்கள் நாயகனை நிறுத்துகிறார்கள். அவனுக்குச் சம்பளம் வேண்டாம், நேரம் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரின் வரவேற்பறைக்கும் போகலாம், சூதாட்ட விடுதிக்கும் போகலாம். ஒரு சாதாரணக் காவலன் ஒரு கோமகனிடம் ‘நேற்றிரவு எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டால் வேலை போய்விடும். அதே கேள்வியை இன்னொரு கோமகன் கேட்டால், கோபம் வந்தாலும் பதில் வரும்.

டெவ்லின் என்ற நாயகன்

ரீஜென்சி காலக் கதைக்கு இருபதாம் நூற்றாண்டில் உயிர் கொடுத்தவர் ஜார்ஜெட் ஹேயர். அவருடைய ‘ரீஜென்சி பக்’ 1935-இல் வந்தது. 1993-இல் கேட் ராஸ் ‘கட் டு த க்விக்’ நாவலில் ஜூலியன் கெஸ்ட்ரல் என்ற நாகரிக இளைஞனைத் துப்பறிய வைத்தார். இந்த வகையை அதன் முழு வலிமையோடு எனக்குக் காட்டியவர் சி. எஸ். ஹாரிஸ். இயற்பெயர் கேண்டிஸ் ப்ராக்டர். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சியில் பெண்களின் நிலை பற்றி ஆய்வு நூல் எழுதியவர்.

2005-இல் வெளியான அவருடைய ‘வாட் ஏஞ்சல்ஸ் ஃபியர்’ 1811 ஜனவரியில் தொடங்குகிறது. தேவாலயம் ஒன்றில் இளம் நடிகை ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். அருகில் கிடக்கும் கைத்துப்பாக்கி, டெவ்லின் விஸ்கவுன்ட் செபாஸ்டியன் செயின்ட் சிர் என்பவனுடையது. ஏர்ல் ஒருவரின் வாரிசு; நெப்போலியனுக்கு எதிரான போரில் பணியாற்றி, மனம் உடைந்து திரும்பியவன். துப்பறிய வேண்டிய நாயகனே தேடப்படும் குற்றவாளியாகிறான். கந்தல் உடையில் ஏழைகளின் சந்துகளில் ஒளிந்து திரிகிறான். அங்கே அவன் பணப்பையைக் களவாட வரும் டாம் என்ற தெருச்சிறுவன்தான் பிறகு அவனுக்குக் கண்ணும் காதுமாகிறான்.

இந்தத் தொடக்கத்தில் நுட்பமான சட்டக் கணக்கு ஒன்று இருக்கிறது. அன்று பிரபுக்கள் சபையில் இடமுள்ள ஒருவர் கொலை செய்தால், அவரை விசாரித்தது அந்தச் சபையே. 1760-இல் தூக்கிலிடப்பட்ட ஃபெரர்ஸ் பிரபு அப்படித்தான் விசாரிக்கப்பட்டார். தந்தை உயிரோடு இருக்கும்வரை மகனின் ‘விஸ்கவுன்ட்’ பட்டம் மரியாதைக்கானது மட்டுமே. சட்டத்தின் கண்ணில் அவன் சாமானியன். அதனால் டெவ்லினுக்குத் தூக்குக்கயிறு நிஜமான அபாயம்.

பிணமும் சாட்சி சொல்லும்

டெவ்லினின் நண்பன் பால் கிப்சன் போரில் ஒரு காலை இழந்த அறுவை மருத்துவன். உடலைக் கூறுபோட்டு, சாவின் காரணத்தைத் தேடுபவன். அன்றைய சட்டப்படி தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல் மட்டுமே மருத்துவர்களுக்குக் கிடைக்கும். அது போதாததால் கல்லறைகளைத் தோண்டிப் பிணம் விற்கும் கும்பல்கள் பெருகின. 1832-இன் உடற்கூறியல் சட்டம் வரும்வரை இதுதான் நிலை. ஏழைகளின் உடல் உயிரோடு இருந்தபோதும் விலை போனது, செத்த பிறகும் விலை போனது. தடய அறிவியல் பிறந்த வேளையின் இந்த அவலத்தை ஹாரிஸ் மறைக்காமல் எழுதுகிறார்.

வரலாற்றை இப்படிக் கதைக்குள் கரைப்பது அவர் பலம். 1812 மே 11 அன்று பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் நாடாளுமன்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் நிகழும் ‘வேர் சர்ப்பன்ட்ஸ் ஸ்லீப்’ நாவலில், பாலியல் தொழிலிலிருந்து மீண்டு வந்த பெண்களின் புகலிடம் ஒன்று தாக்கப்படுகிறது. பிரதமரின் கொலையாளி ஜான் பெல்லிங்ஹாம் ஒரே வாரத்தில் தூக்கிலிடப்பட்டான். இறந்த பெண்களுக்காக நீதி கேட்பவள் ஹீரோ ஜார்விஸ் ஒருத்திதான். அரசின் மகா சூழ்ச்சிக்காரர் ஜார்விஸ் பிரபுவின் சொந்த மகள் அவள். பின்னாளில் டெவ்லினின் மனைவியாகி, லண்டன் ஏழைகளின் வாழ்க்கையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறாள். 2021-இல் வந்த ‘வாட் த டெவில் நோஸ்’ நாவலோ ராட்கிளிஃப் ஹைவே கொலைகளையே கையிலெடுத்து, நாற்சந்தியில் புதைக்கப்பட்ட மாலுமியின் வழக்கைக் கிளறுகிறது.

பிரபுவைத் துதிக்கிறதா?

நியாயமான கேள்வி. மாளிகை, குதிரைவண்டி, விலையுயர்ந்த கோட்டு ஆகியவற்றில் மயங்கி நின்றுவிடும் நாவல்கள் இந்த வகையில் ஏராளம். அவற்றில் கொலை ஒரு விளையாட்டு. வேலைக்காரர்களுக்கு முகமே இருக்காது. ஹாரிஸின் டெவ்லின் வேறு ஆள். தன் பிறப்பு தந்த சலுகையைச் செத்தவர்களுக்காகச் செலவிடுகிறான். அதற்கு விலையாகத் தன் வர்க்கத்தின் பகையைச் சம்பாதிக்கிறான். ‘வேர் த டெட் லை’ நாவலில் 15 வயது அனாதைச் சிறுவன் ஒருவனின் கொலைக்காக அவன் அலையும்போது, இந்தப் பையனுக்காக ஏன் இவ்வளவு பாடு என்று சமூகம் வியக்கிறது. அந்த வியப்புத்தான் அக்காலத்தின் உண்மையான குற்றம் என்று கதை நமக்கு உணர்த்துகிறது.

கொலையுண்டவர் யார் என்று பார்த்து விசாரணையின் வேகம் மாறினால், அது நீதி ஆகாது. நீதி ஒரு நல்ல மனிதரின் இரக்கத்தை நம்பியிருந்த காலம் எவ்வளவு பயங்கரமானது என்பதை இந்த நாவல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. அதனால்தான் இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்கிறேன். ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள் ‘வாட் ஏஞ்சல்ஸ் ஃபியர்’ நாவலிலிருந்து தொடங்கி, வரிசை மாற்றாமல் படியுங்கள். டெவ்லினின் பிறப்பு ரகசியம் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்கிறது. நடுவில் நுழைந்தால் அந்தச் சுவை போய்விடும்.