சங்குக்குள் ஒரு துறவி

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்றாலே கரிசல் காடும் வேலிக்கருவையுமே எல்லாருக்கும் நினைவு வரும். அங்கே பிறந்த நான் கடல் நண்டு வளர்த்த கதையைக் கூறினால் தோழியர் சிரிக்கக்கூடும். சிரித்தாலும் சரி, முழுவதும் படித்துவிடுங்கள்.

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, விடுதித் தோழி ஒருத்தி வேம்பாரிலிருந்து ஐந்து துறவி நண்டுகளையும் இரண்டு கேன் கடல் நீரையும் கொண்டு வந்தாள். அவள் அப்பாவின் வலையில் மீனோடு சேர்ந்து வந்தவை அவை. கரையில் கொட்டினால் காக்கைக்கு இரையாகும் என்று எடுத்து வைத்தாராம். (வேம்பாரை அடுத்த கடலில் உப்புத்தண்ணித் தீவு, நல்லதண்ணித் தீவு போன்ற தீவுகள் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆகிவிட்டதால் அங்கிருந்து ஒரு சிப்பிகூட எடுக்கலாகாது.)

மற்ற நண்டுகளைப் போல் இதற்கு உடல் முழுவதும் ஓடு இல்லை. முன்பாகம் மட்டுமே கெட்டி. வயிறு மெத்தென்று சுருண்டிருக்கும். ஆகவே வெறும் சங்கு ஒன்றில் பின்பாகத்தை நுழைத்துக்கொண்டு வீட்டைச் சுமந்தே திரிகிறது. பத்துக் கால்களுள் கடைசி நான்கும் மிகச் சிறியவை. சங்கைப் பற்றிக்கொள்ளவே அவை உதவுகின்றன. நம் கடற்கரையில் காணும் ஒரு பேரினத்துக்கு, தாழிக்குள் வாழ்ந்ததாகக் கூறப்படும் கிரேக்க ஞானி டயோஜெனிஸின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

இனி எங்கள் தவறுகளைச் சொல்கிறேன். கேன்களைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால் கடல் நீரைப் பித்தளை அண்டாவில் ஊற்றி வைத்தோம். தொட்டிக்கு நீர் போதவில்லை. "எங்கள் ஊர்க் கிணற்று நீரும் உப்புதானே!" என்று பெரிய அறிவாளி போல் சொல்லி ஒரு குடம் சேர்த்தவள் நானே. நான்கு நாளில் நான்கு நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்து மாண்டு கிடந்தன. அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

அறிவியல் சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. காரணத்தை விளக்கினார்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நம் கிணற்று நீர் வாய்க்குக் கரித்தாலும் அதற்குக் கிட்டவே வராது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல் நீர் அந்தச் செம்பை அரித்துக் கரைத்துவிடும். நமக்கு ஒன்றும் செய்யாத அளவுச் செம்பும் நண்டுக்கு நஞ்சு. இதோடு, கழிவிலும் மிஞ்சிய இரையிலும் உண்டாகும் அம்மோனியாவும் சேர்ந்துகொண்டது. கடலில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டி மணலில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரமாவது ஆகும். நாங்களோ ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

பிழைத்த ஒன்றைப் பிளாஸ்டிக் வாளியில், அடிக்கடி புதுக் கடல் நீர் மாற்றிக் காப்பாற்றினோம். பனிமய மாதா திருவிழாவுக்கு ஊர் சென்ற தோழி, ஆகஸ்டில் மேலும் இரண்டு நண்டுகளோடு திரும்பினாள். அதற்குள் தொட்டி பக்குவப்பட்டிருந்தது.

நம் பக்கத்து வெயிலில் நீர் வற்றும், உப்பு வற்றாது. எனவே குறையும் அளவுக்குக் கடல் நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நல்ல நீர்தான் ஊற்ற வேண்டும். தொட்டியில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, பிடித்து வைத்த மழை நீரை அந்தக் கோடு வரை நாள்தோறும் ஊற்றினோம். மின்சாரம் நின்று காற்றுக் குழாய் ஓய்ந்தால், படிப்பு நேரமானாலும் டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றினோம். இரை, பொரிகடலை அளவு மீன் துண்டு மட்டுமே.

அக்டோபரில் ஒரு காலை நண்டு ஒன்று செத்துக் கிடந்தது. அழுதுகொண்டே எடுத்தால் காற்றுப் போல் கனமே இல்லை! அது உரித்துப் போட்ட தோல். உரியவர் கல்லுக்குப் பின்னால் சங்குக்குள் பதுங்கியிருந்தார். புதுத் தோல் இறுகும் வரை அவரைத் தொந்தரவு செய்யலாகாது. வளர்ந்தபின் பெரிய வீடு தேவை என்பதால் பல அளவு வெறும் சங்குகளைப் போட்டு வைத்தோம். வண்ணம் பூசிய சங்கு ஆகாது. ஒரு மாலை அது புதுச் சங்கை உருட்டி, வாயைக் கொடுக்கால் அளந்து, கண் இமைக்கும் நேரத்தில் வீடு மாறியதை ஒன்பது பேர் பார்த்தோம். சமையற்கார அம்மாவும் பார்த்தார்கள்.

பொதுத் தேர்வு நெருங்குவதால் தொட்டியை ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைக்கிறோம். மழை நீர் ஜாடி ஜன்னல் ஓரம் இருக்கிறது. கோட்டுக்கு மேல் ஊற்ற வேண்டாம். பித்தளைச் செம்பு பக்கத்திலேயே வரக்கூடாது.