உஷார்! சிலிர்த்தது உங்கள் உடம்புதான்

"அவர் முன்னால போய் நின்னதும் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. இவர்தான் என் குருன்னு உள்ளுக்குள்ளே பட்டுச்சு."

உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொல்கிறார்களா? உடனே உஷாராகுங்கள்! அந்தச் சிலிர்ப்பு பொய்யில்லை. ஆனால் அது அவர்களுடைய பக்திக்குத்தான் சாட்சி. எதிரே உட்கார்ந்திருப்பவரின் யோக்கியதைக்குச் சாட்சி ஆகாது.

திருச்சிக்கு அருகே பாத்திமா நகர் ஆசிரமத்தை மறந்துவிட்டோமா? அதை நடத்திய சாமியார் பிரேமானந்தாவின் கையிலிருந்து விபூதி கொட்டியது, வாயிலிருந்து லிங்கம் வந்தது. பார்த்தவர்கள் மெய்சிலிர்த்துக் கும்பிட்டார்கள். அதே ஆசிரமத்துக்குள், அடைக்கலம் என்று வந்த சிறுமிகள் சீரழிக்கப்பட்டார்கள். 1994-ல் கைது. 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மரபணுச் சோதனையும் சாட்சியாக நின்ற வழக்கு அது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் 'சாமி நிரபராதி' என்றே நம்பியவர்கள் இருந்தார்கள். என்னை நடுங்க வைப்பது அதுதான்.

குருவைச் சோதிப்பது பாவம் என்று யார் சொன்னது? குருடன் கைபிடித்துக் குருடன் போகிற கதையைச் சொல்லி முண்டக உபநிஷதமே எச்சரிக்கிறது. சாஸ்திரமும் தெரிந்திருக்க வேண்டும், பிரம்மத்திலும் நிலைத்திருக்க வேண்டும், அப்படிப்பட்டவரிடம் போ என்கிறது. பணத்தைத் தொடமாட்டேன் என்ற ராமகிருஷ்ணரின் படுக்கைக்கு அடியில், அவர் இல்லாத நேரம் பார்த்து, ஒரு ரூபாயை ஒளித்து வைத்தவர் நரேந்திரன், பின்னாளில் விவேகானந்தர். விஷயம் தெரிந்ததும் குரு கோபப்படவில்லை, மகிழ்ந்தார்.

சிலிர்ப்பை அனுபூதி என்று நினைத்துவிடாதீர்கள். அனுபூதி என்பது தன்னைத் தானே அறிகிற அறிவு. 1896-ல் மதுரையில் ஒரு வீட்டு அறைக்குள் பதினாறு வயது வேங்கடராமனுக்கு வாய்த்தது அதுதான். பின்னாளில் ரமணரான அவர், தன்னிடம் வந்தவர்களையெல்லாம் 'நான் யார்' என்று அவரவருக்குள்தான் விசாரிக்கச் சொன்னார். அடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ள அனுபூதி வேண்டாம். கண்ணும் காதும் போதும்.

ஆகவே குரு என்று சொல்லப்படுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். 'கேள்வி கேட்டால் ஞானம் வராது' என்கிறாரா? 'வீட்டில் சொல்லாதே, இது உனக்கும் குருவுக்கும் மட்டும்' என்கிறாரா? தோஷம் கழிய நகையைக் கழற்றச் சொல்கிறாரா? பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறாரா? பெண்ணையோ பிள்ளையையோ தனி தரிசனத்துக்கு அனுப்பச் சொல்கிறாரா? ஒன்றே ஒன்று இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஊர் என்ன சொல்லும், சாமி சபித்துவிடுமோ என்று தயங்காதீர்கள்.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து திரும்பிய குழந்தை பேச்சுக் குறைந்து ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். அன்றைக்கே கூப்பிடுங்கள்.