பந்தயத் தடத்திற்கும் சாலைக்கும் ஒரே டயரா?

மகிழுந்து எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது. நான்கு டயர்களும் தரையோடு ஒட்டியிருக்கும் பரப்பு, ஏறக்குறைய நான்கு உள்ளங்கைகளின் அளவே ஆகும். மகிழுந்து புறப்படுவதும் திரும்புவதும் நிற்பதும் அந்தச் சிறு பரப்பின் பிடிமானத்தை நம்பியே நடைபெறுகின்றன. இயந்திரத்தின் ஆற்றல் எவ்வளவு கூடினாலும், டயரால் தரையைப் பற்றிக்கொள்ள முடியாவிட்டால் சக்கரம் வீணாகச் சுழலும்; வண்டி முன்னேறாது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே டிராக் பந்தயம்.

டிராக் பந்தயம் அமெரிக்காவில் வளர்ந்த விளையாட்டு. இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்குச் சைகை கிடைத்ததும் இரண்டும் நேர்க்கோட்டில் சீறிப் பாயும். வளைவுகள் இல்லை. வழக்கமான தொலைவு கால் மைல், அதாவது 402 மீட்டர். தொடக்கக் காலத்தில் இளைஞர்கள் பலர் பொதுச் சாலைகளிலேயே இத்தகைய போட்டிகளில் ஈடுபட்டனர். அவர்களைப் பாதுகாப்பான தடங்களுக்குக் கொண்டுவரும் நோக்கத்துடன் வாலி பார்க்ஸ் என்பவர் 1951ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தோற்றுவித்தார். இன்று தடத்தில் ஓட்டுபவர்கள் எல்லாரும் தொழில்முறை வீரர்கள் அல்லர். வேலைக்குச் செல்லும் அதே மகிழுந்தை வார இறுதியில் பந்தயத் தடத்திற்கு ஓட்டிச் செல்பவர்களும் பலர் உள்ளனர். அவர்கள்முன் நிற்கும் கேள்வி இதுதான்: ஒரே டயரால் இரண்டு வேலைகளையும் செய்ய முடியுமா?

இக்கேள்விக்கு விடை காண, முதலில் இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டும். பந்தயத் தடம் நேரானது, உலர்ந்தது. அதன்மீது பசைபோன்ற ஒரு கலவையைத் தெளித்து, தரையை ஒட்டும் தன்மை உடையதாக மாற்றுவார்கள். போட்டி தொடங்குமுன் ஓட்டுநர் டயர்களை நின்ற இடத்திலேயே வேகமாகச் சுழலவிட்டுச் சூடேற்றுவார். சூடேறிய இரப்பர் இளகித் தரையை இறுகப் பற்றும். மழை பெய்தால் பந்தயம் நிறுத்தப்படும். சாலையின் நிலை வேறு. அங்கு மணல் கிடக்கும்; எண்ணெய் சிந்தியிருக்கும்; வளைவுகள் வரும். முன்னே செல்லும் வண்டி திடீரென நிற்கும். மழை பெய்தாலும் நாம் வீடு திரும்பியே ஆக வேண்டும்.

பந்தயத்திற்கென்றே செய்யப்படும் டயரை ‘ஸ்லிக்’ என்பர். அதன் மேற்பரப்பில் பள்ளங்களே இல்லை. பள்ளம் இல்லாததால் இரப்பர் முழுவதும் தரையைத் தொடும், பிடிமானம் கூடும். அதன் பக்கச்சுவரும் மெல்லியது. வண்டி பாய்ந்து கிளம்பும் நொடியில் அச்சுவர் துணிபோல் மடிந்து, இயந்திரத்தின் திடீர் விசையைத் தாங்கிக்கொள்ளும். உலர்ந்த தடத்தில் இதற்கு நிகரான டயர் இல்லை எனலாம்.

ஆயினும், அதே ஸ்லிக் டயர் ஈரச் சாலையில் பெரும் ஆபத்தாக மாறிவிடும். சாதாரண டயரில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மலாய்மொழியில் அவற்றை ‘டயரின் பூ’ என்று கூறுவர். டயர் உருளும்போது அதன் அடியில் அகப்படும் நீர், இப்பள்ளங்களின் வழியாகப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. பள்ளங்கள் இல்லாவிட்டால் நீருக்குப் போக்கிடம் இல்லை. டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்துகொள்ளும். டயர் தரையைவிட்டு மேலெழும்பி நீரின்மீது மிதக்கும். அந்நிலையில் வண்டியைத் திருப்பினாலும் திரும்பாது. பிரேக்கை அழுத்தினாலும் நிற்காது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் எனச் சட்டம் வரையறுத்திருப்பது இக்காரணத்தினால்தான்.

ஸ்லிக் டயருக்கும் சாலை டயருக்கும் இடைப்பட்டது ‘டிராக் ரேடியல்’ என்னும் டயர். இதன் இரப்பர் மென்மையானது. மேற்பரப்பில் சில பள்ளங்கள் மட்டும் இருக்கும். சாலைப் பயன்பாட்டிற்கான தரத்திற்கு உட்பட்டது என்பதைக் குறிக்க, அமெரிக்காவில் விற்கப்படும் இவ்வகை டயர்கள் பலவற்றில் ‘டிஓடி’ என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால், அவ்வெழுத்துகளைக் கண்டதும் மழைக்கும் ஏற்ற டயர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. குறைந்தபட்சத் தரத்தை டயர் எட்டியுள்ளது என்பதற்கான உறுதிமொழியே அது. சாதாரணப் புதிய டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் உடையது. டிராக் ரேடியலின் பள்ளம் அதைவிட ஆழம் குறைந்தது, எண்ணிக்கையிலும் குறைவு. ஆகவே, சாலையில் ஓட்ட அனுமதி இருப்பது வேறு. அடைமழையில் நம்பி ஓட்டுவது வேறு.

இந்த இரண்டு தேவைகளும் நேருக்கு நேர் மோதும் போட்டி ஒன்று அமெரிக்காவில் நடைபெறுகிறது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அதன் பெயர் ‘ஹாட் ராட் டிராக் வீக்’. இதில் கலந்துகொள்வோர் ஐந்து நாள்கள் வெவ்வேறு தடங்களில் பந்தயம் ஓட்ட வேண்டும். ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்திற்கு அதே வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டிச் செல்ல வேண்டும். மொத்தப் பயணம் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். உதவிக்கு வேறு வண்டி பின்தொடரக் கூடாது. அங்குப் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வண்டியின் பின்னால் ஒரு சிறிய இழுவைப் பெட்டியை இணைத்து, அதில் பந்தய டயர்களையும் கருவிகளையும் ஏற்றிச் செல்கிறார்கள். தடத்தை அடைந்ததும் சாலை டயர்களைக் கழற்றிவிட்டுப் பந்தய டயர்களைப் பொருத்துகிறார்கள். வேறு சிலர் முழுப் பயணத்தையும் டிராக் ரேடியல்களிலேயே முடிக்கிறார்கள். முன்னவர்களுக்கு வேலை அதிகம்; பின்னவர்கள் மழையில் வேகத்தைப் பெரிதும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

டயரைத் தேர்ந்தெடுப்பவர் அதன் பக்கச்சுவரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘235/60ஆர்15’ என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 விழுக்காடு. பொருந்தும் உலோகச் சக்கரத்தின் விட்டம் 15 அங்குலம் எனப் பொருள். நடுவிலுள்ள எழுத்து, அது ரேடியல் டயர் என்பதைக் குறிக்கும். உயரமான பக்கச்சுவர் பந்தயத்தின் தொடக்கப் பாய்ச்சலுக்கு உதவும். குட்டையான சுவர் வளைவுகளில் வண்டியை உறுதியாக வைத்திருக்கும். நான்கு இலக்கங்கள் கொண்ட மற்றோர் எண் டயரின் வயதைக் கூறும். ‘1524’ என்றால் 2024ஆம் ஆண்டின் 15ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று அறியலாம். பள்ளம் தேயாமல் இருந்தாலும் இரப்பர் வயதாக வயதாக இறுகிப் பிடிமானத்தை இழக்கும். அதனால் இவ்வெண்ணைப் பார்க்காமல் பழைய டயரை மலிவாக வாங்குவது நல்லதன்று.

அமெரிக்கத் தரமுறைப்படி, டயர் எவ்வளவு விரைவில் தேயும் என்பதைக் காட்டும் எண்ணும் பக்கச்சுவரில் இருக்கும். சோதனைக்கான அடிப்படை டயரின் அளவு 100. சோதனையில் அதைவிட இருமடங்கு உழைக்கும் டயர் 200 என்னும் எண்ணைப் பெறும். அன்றாடப் பயணத்திற்கான டயர்களில் 300க்கு மேற்பட்ட எண்ணைக் காணலாம். மென்மையான பந்தய டயர்களின் எண் மிகக் குறைவாக இருக்கும். அவை சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடக்கூடும். அதோடு, ஒவ்வொரு முறையும் கடுமையாகச் சூடேறி ஆறும்போது அவற்றின் இரப்பர் சிறிது சிறிதாக இறுகுகிறது. நாள்தோறும் வேலைக்குச் சென்று வருவதற்கு இவற்றைப் பயன்படுத்தினால், பந்தய நாளன்று எதிர்பார்த்த பிடிமானம் கிடைக்காது, பணமும் வீணாகும்.

காற்றழுத்தத்திலும் கவனம் தேவை. தடத்தில் டிராக் ரேடியலின் அழுத்தத்தை 100 முதல் 140 கிலோபாஸ்கல் வரை குறைப்பதுண்டு. அழுத்தம் குறைந்தால் டயர் தட்டையாகி, தரையோடு ஒட்டும் பரப்பு கூடும். பந்தயம் முடிந்து வீடு திரும்புமுன், வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவிற்கு மீண்டும் காற்றை நிரப்பியே தீர வேண்டும். பல மகிழுந்துகளுக்கு அவ்வளவு 200 கிலோபாஸ்கலுக்கு மேற்பட்டது. காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலையில் ஓடும்போது அதன் பக்கச்சுவர் இடைவிடாமல் மடங்கி விரியும். அதனால் வெப்பம் கூடி டயர் வெடிக்கக்கூடும். மழையிலோ, காற்றுக் குறைந்த டயர் குறைந்த வேகத்திலேயே நீரின்மீது மிதக்கத் தொடங்கிவிடும்.

டயர்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதும் முக்கியம். இயந்திரம் இயக்கும் சக்கரங்களில்தான் பந்தய டயர்களைப் பொருத்துவர். பின்சக்கரங்களால் இயங்கும் வண்டியில் பின் டயர்கள் மட்டும் மழையில் பிடிமானம் இழந்தால், வளைவில் வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்படும். நாம் அன்றாடம் காணும் சிறிய மகிழுந்துகளில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயங்குபவை. அவற்றின் முன் டயர்கள் நீரில் மிதந்தால், திசைதிருப்பியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிச் செல்லும். மேலும், உள்ளிழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த பழைய வகைப் பந்தய டயரை ஓர் அச்சிலும் ரேடியல் டயரை மற்றோர் அச்சிலும் கலந்து பொருத்தினால், வேகம் கூடும்போது வண்டி தள்ளாடும்.

இனி, எந்த டயரைத் தேர்ந்தெடுப்பது? ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தடத்திற்குச் செல்பவருக்கு, மழையிலும் நன்கு பிடிக்கும் தரமான சாலை டயரே போதுமானது. அடிக்கடி பந்தயத்தில் கலந்துகொள்பவர், டிராக் ரேடியல்களைத் தனிச் சக்கரங்களில் பொருத்தி வைத்துக்கொண்டு தடத்தில் மாற்றிக்கொள்வது சிறப்பு. மாற்ற வசதி இல்லாதவர், பள்ளங்கள் கூடுதலாக உள்ள டிராக் ரேடியலைத் தேர்ந்தெடுத்து, வானிலையைப் பார்த்துப் புறப்பட வேண்டும். ஸ்லிக் டயரோ தடத்திற்கு மட்டுமே உரியது. அதனைப் பொருத்திய வண்டி சாலைக்கு வரவே கூடாது. வேகப் பந்தயத்திற்கும் பொதுச் சாலை இடமன்று. மலேசியாவின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் நடத்துவதைத் தடை செய்கிறது.

ஆகவே, இரண்டு இடங்களிலும் ஒரே டயரைப் பயன்படுத்த விரும்புபவர், ‘தடத்தில் எவ்வளவு விரைவாகப் பாயும்?’ என்று கேட்பதற்கு முன்னர், ‘ஈரச் சாலையில் எவ்வளவு விரைவாக நிற்கும்?’ என்று கேட்க வேண்டும். தடத்தில் பிடிமானம் சற்றுக் குறைந்தால் ஒரு நொடியின் சிறு பகுதி இழப்பாகும். சாலையில் பிடிமானம் குறைந்தால் எதிரே வரும் பள்ளிப் பேருந்தும், ஓரமாகச் செல்லும் மோட்டார் சைக்கிளும் அந்த இழப்பில் பங்கேற்க நேரிடும். அவர்கள் யாரும் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்தவர்கள் அல்லர்.

இன்னும் வண்டி ஓட்டும் வயதை எட்டாத மாணவர்களும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள மகிழுந்தின் டயரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பள்ளங்களின் உள்ளே ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளின் மட்டத்திற்கு வந்துவிட்டால், எஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று பொருள். அப்படி இருந்தால், அடுத்த மழைக்கு முன்பே டயரை மாற்றும்படி பெற்றோரிடம் கூறுங்கள்.