பள்ளி திறந்த பிறகு பிள்ளைகள் எவ்வளவு மீண்டார்கள்?

ஒரு கல்வித் திட்டம் பலன் தந்ததா என்று அறிய, திட்டம் முடிந்தபின் ஒரு தேர்வு வைத்தால் போதாது. பிள்ளைகள் எந்த நிலையில் தொடங்கினார்கள், திட்டமே இல்லாதிருந்தால் எந்த அளவுக்கு வந்திருப்பார்கள் என்ற இரண்டும் தெரிய வேண்டும். இரண்டாவதைக் கண்டறிவதுதான் கடினம். தமிழ்நாட்டின் ‘இல்லம் தேடிக் கல்வி’ இதற்கு நல்ல சான்று.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இத்திட்டம் தொடங்கியது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலை நேர மையங்களில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதன் பலனை ஆராய்ந்தவர்கள் அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள். கிராமப்புறத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீட்டுக்கே சென்று சோதித்தார்கள். இந்த ஆய்வின் பெரிய பலம் இதுவே. எடுத்துக்காட்டாக, கடலூர் மாவட்டத்தின் மங்கலம்பேட்டை வட்டாரத்தில் ஒரு பள்ளியில் தேர்வு வைத்தால், அன்று பெற்றோருடன் முந்திரிக் காட்டுக்குப் போன பிள்ளை கணக்கில் வராது. தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளையின் பழைய நிலையும் தெரியாது. வீட்டுக் கதவைத் தட்டினால் இருவருமே கணக்கில் வருவார்கள்.

ஒப்பிட 2019இன் அளவீடும் கையில் இருந்தது. அதே ஊர்களில், அதே வயதில் அன்று இருந்தவர்களைவிட 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணிதத்தில் 0.73 திட்ட விலக்கமும் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு) மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். பெரும் சரிவு இது. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது.

அந்த மீட்சி முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதியிருந்தால் பிழையாகியிருக்கும். பள்ளி திறந்ததே பிள்ளைகளை முன்னேற்றியது. எனவே முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டு, மையத்துக்கு வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். மூன்று நான்கு மாதங்களில், வந்தவர்கள் கணிதத்தில் 0.17, தமிழில் 0.09 திட்ட விலக்கம் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். மொத்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து நடத்திய சோதனை அல்ல இது. ஆர்வமுள்ளவர்களே மையத்துக்கு வந்திருக்கலாம் என்ற ஐயத்தை முந்தைய மதிப்பெண் பெருமளவு குறைக்கும், முற்றிலும் நீக்காது.

வருகைப் பதிவேடும் தன்னார்வலர் எண்ணிக்கையும் திட்டம் நடந்தது என்பதை மட்டுமே காட்டும். யாருக்குப் பயன்பட்டது என்று அறியக் குடும்பத்தின் நிலையும் பதிவாகியிருக்க வேண்டும். இந்த ஆய்வில் அது பதிவாகியிருந்ததால்தான் ஓர் உண்மை வெளிப்பட்டது: பள்ளி மூடியபோது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் இழந்தார்கள், திறந்தபின் வேகமாக மீண்டவர்களும் அவர்களே. மாலை மையங்களுக்கு அவர்கள் கூடுதலாக வந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.