லண்டன் போகும்போது கூடுதல் நேரம், வரும்போது குறைவு: ஏன்?

படவேட்டிலிருந்து லண்டனில் உள்ள பிள்ளையைப் பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட்டில் பயண நேரத்தைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து சுமார் 8,200 கி.மீ.; போனாலும் வந்தாலும் அதே தூரம்தான். ஆனால் திரும்பும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமாகும்!

பூமி சுழல்வதாலா? நேரடியாக இல்லை, காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது.

படவேட்டின் கமண்டல நதியில் தண்ணீர் இழுத்து ஓடும்போது நீந்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தோடு போனால் கரை விறுவிறுவென்று பின்னால் நகரும். எதிர்த்தால் தோள் கடுக்கும். வானத்திலும் அப்படியோர் ஆறு உண்டு. சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்று அது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும்.

எப்படி உருவாகிறது? நிலநடுக்கோட்டருகே சூடான காற்று மேலெழுந்து துருவப் பக்கம் நகர்கிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. சுழற்சிக்குப் பங்கு இங்கேதான்!

லண்டன் மேற்கே இருப்பதால், போகும்போது இந்தக் காற்று எதிரே வீசும்; வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால்தான் விமானப் பாதையைத் திட்டமிடுபவர்கள் தினமும் காற்று வரைபடத்தைப் பார்க்கிறார்கள். போகும்போது அந்த ஓட்டத்தை ஒதுங்கிக் கடப்பார்கள். வரும்போது, முடிந்தால் அதன் மேலேயே ஏறிக்கொள்வார்கள்.