குபர்டினோவில் பள்ளிகளை ஆள்வது யார்?

கலிஃபோர்னியாவில் குபர்டினோ, சன்னிவேல் பக்கம் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்களிடையே வாடகைப் பேச்சுக்கு முன்பே வந்துவிடும் கேள்வி, “எந்த ஹைஸ்கூல்?” என்பது. மோன்டா விஸ்டா என்றோ லின்ப்ரூக் என்றோ பதில் வந்தால் வாடகை ஏறும். வாங்குவதாக இருந்தால் சாதாரணமான பழைய வீடே இருபது லட்சம் டாலரைத் தாண்டும். அந்த விலையைக் கொடுக்கத் துணிகிறவர்களில் பலருக்கும், பள்ளியை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, அதன் பெயர் எதை வைத்துச் சொல்லப்படுகிறது என்பதெல்லாம் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவை இவைதான்.

அந்த இரண்டு பள்ளிகளும் ஃப்ரீமாண்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பைச் சேர்ந்தவை. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் ஃப்ரீமாண்ட் நகருக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. சன்னிவேலில் உள்ள ஃப்ரீமாண்ட் ஹைஸ்கூல்தான் இதன் மூத்த பள்ளி. குபர்டினோ, ஹோம்ஸ்டெட், லின்ப்ரூக், மோன்டா விஸ்டா ஆகியவை மற்ற நான்கு. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஹோம்ஸ்டெட்டில் படித்தவர்கள். ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சுமார் 10,000 பேர் படிக்கிறார்கள்.

பள்ளி மாவட்டம் தனி அரசு. கலெக்டர் ஆளும் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நகராட்சியின் கிளையும் அல்ல. குபர்டினோ மேயர் நினைத்தாலும் மோன்டா விஸ்டாவில் ஓர் ஆசிரியரை நியமிக்க முடியாது. நகர எல்லையும் மாவட்ட எல்லையும்கூட ஒன்றல்ல: லின்ப்ரூக் இருப்பது சான் ஹோசேயில். மாவட்டத்துக்கென்று தனித் தேர்தல், தனி வரவு செலவு, தனிச் சொத்து உண்டு. வாக்காளர் சம்மதித்தால் கடன்பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கும் உரிமையும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை பிள்ளை படிப்பது இன்னொரு அரசின் கீழ். குபர்டினோ யூனியன் டிஸ்ட்ரிக்ட், சன்னிவேல் டிஸ்ட்ரிக்ட் என்று அவற்றுக்குத் தனித்தனி போர்டுகள். ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் இரண்டு அரசுகளின் பள்ளிகளுக்குப் போவது இங்கே சாதாரணம்.

உயர்நிலைப் பள்ளி மாவட்டத்தின் தலைமை, ஐந்து உறுப்பினர் கொண்ட போர்டு. பதவிக்காலம் நான்கு ஆண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் மாறிவிடாதபடி இரட்டைப்படை ஆண்டுகளின் நவம்பரில் சில இடங்களுக்கு மட்டும் தேர்தல் வரும். கட்சிச் சின்னம் கிடையாது. உறுப்பினர்களுக்கு இது முழுநேர வேலையும் அல்ல. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் செய்யும் மிகப் பெரிய வேலை சூப்பரின்டெண்டென்டை நியமிப்பது. அன்றாட நிர்வாகம் அவர் கையில். பள்ளி எல்லைகள், ஆசிரியர் சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம், பட்ஜெட் ஆகியவற்றுக்குப் போர்டின் வாக்கு வேண்டும். ஜூலை 1க்குள் பட்ஜெட் நிறைவேற வேண்டும். அதைச் சாண்டா கிளாரா கவுண்டியின் கல்வி அலுவலகம் சரிபார்க்கும். இந்த ஆண்டுக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதாது, அடுத்த இரண்டு ஆண்டுகளின் செலவுக்கும் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நல்ல விதி இது. தமிழ்நாட்டில் ஆசிரியர் நியமனமும் இடமாறுதலும் சென்னையிலிருந்து முடிவாகிப் பழகிய நமக்கு, ஐந்து பள்ளிக்கு ஒரு முழு அரசு என்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் பொறுப்பு யாருடையது என்று ஐந்து பேரைச் சுட்டிக் கேட்க முடிவது அதனால்தான்.

பணத்துக்கு வருவோம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

1978இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் பிரபோசிஷன் 13ஐ நிறைவேற்றினார்கள். அதன்படி அடிப்படைச் சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதம். வீடு கைமாறும்வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அதனால் 1985இல் வாங்கிய தாத்தாவும், போன ஆண்டு பக்கத்து வீட்டை வாங்கிய இளம் தம்பதியும் ஒரே மாதிரி வீட்டுக்கு ஒப்பிடவே முடியாத வரி கட்டுகிறார்கள். இந்த 1 சதவீதத்தைக் கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டங்கள் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன.

இன்னொரு பக்கம், 2013 முதல் நடப்பில் உள்ள சூத்திரப்படி, பள்ளிக்கு வரும் மாணவர் கணக்கில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இவ்வளவு வேண்டும் என்று மாநிலம் ஒரு தொகையை வகுக்கிறது. ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்குத் தலைக்கு 20 சதவீதம் கூடுதல். உள்ளூர்ச் சொத்து வரியின் பங்கு அந்தத் தொகையை எட்டாவிட்டால் மீதியை மாநிலம் போடும். தாண்டிவிட்டால், மிஞ்சியதை மாவட்டமே வைத்துக்கொள்ளலாம். அப்படி மிஞ்சுகிற மாவட்டத்தைப் ‘பேசிக் எய்ட்’ மாவட்டம் என்பார்கள். ஃப்ரீமாண்ட் யூனியன் அந்த வகை. குபர்டினோவின் வீடுகளோடு சன்னிவேலின் அலுவலக வளாகங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. படிக்க வைக்க வேண்டியது நான்கு வகுப்புகளை மட்டுமே.

அதே தெருக்களின் சின்னப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குபர்டினோ யூனியனுக்கு நெடுங்காலம் இந்த வசதி இல்லை. ஒன்பது வகுப்புகள், மாநிலச் சூத்திரத்தை நம்பிய வருமானம், ஏழைப் பிள்ளைகள் குறைவு என்பதால் கூடுதல் தொகையும் குறைவு. விளைவு, வசதியான ஊரின் தொடக்கப் பள்ளிகள் கவுண்டியிலேயே தலைக்குக் குறைந்த நிதி பெறுகிறவற்றில் சேர்ந்தன. வீட்டு விலை ஏறஏறச் சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் குறைந்தன. சூத்திரத்தில் இருக்கும் மாவட்டத்தில் ஒரு பிள்ளை குறைந்தால் அந்தப் பிள்ளைக்குரிய பணமும் போய்விடும். 2021 மே மாதம் வாக்காளர்கள் ஆண்டுக்கு மனை ஒன்றுக்கு 398 டாலர் வரிக்குச் சம்மதித்தார்கள். அதற்குப் பிறகும் அந்த அக்டோபரில் போர்டு ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் தொடக்கப் பள்ளிகளை மூட முடிவெடுத்தது. உயர்நிலை மாவட்டத்திலும் பிள்ளைகள் குறைகிறார்கள். ஆனால் அங்கே வருமானம் சொத்து வரியைப் பொறுத்தது. எண்ணிக்கை குறைந்தால் தலைக்குக் கிடைப்பது கூடத்தான் செய்யும். ஒரே ஊர், ஒரே வரி செலுத்துவோர். ஒரு கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதால் தம்பியின் பள்ளி மூடப்படுகிறது, அக்காவின் பள்ளி செழிக்கிறது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீடு வைத்திருப்பவர்கள் கவுண்டியிலிருந்து வரும் வரி பில்லை ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். மேலே 1 சதவீதம் இருக்கும். அடுத்து, பள்ளிக் கடன்பத்திரங்களுக்கான வரிகள். இவை வீட்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும், இறங்கும். கீழே பார்சல் டாக்ஸ் என்னும் மனை வரி. மதிப்பு எதுவானாலும் மனைக்கு ஒரே தொகை. உயர்நிலை மாவட்டத்தின் மனை வரி 98 டாலர். இரண்டு தளப் பெரிய வீட்டுக்கும் அதேதான், பக்கத்துச் சிறு வீட்டுக்கும் அதேதான். கடன்பத்திரத்துக்கு 55 சதவீத வாக்குப் போதும் என்று 2000ஆம் ஆண்டின் பிரபோசிஷன் 39 ஆக்கியது. இந்த மாவட்டம் 2014இல் 295 மில்லியன் டாலருக்கும் 2018இல் 275 மில்லியன் டாலருக்கும் அப்படி ஒப்புதல் வாங்கியது. மனை வரிக்கோ மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கடன்பத்திரப் பணத்தில் கட்டடம் கட்டலாம், கூரை மாற்றலாம். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. “புது ஜிம் கட்டக் காசு இருக்கிறது, டீச்சருக்கு இல்லையா?” என்று கோபப்படுகிறவர்களுக்கு விடை இந்த விதியில் இருக்கிறது.

இனி, பள்ளிகள் எப்படி இருக்கின்றன?

வீடு விற்கும் தளங்களில் பத்துக்குப் பத்து என்று ஓர் எண் ஒளிரும். அதற்கு ஆதாரங்களில் ஒன்றான மாநிலத் தேர்வு, ஆங்கிலத்திலும் கணக்கிலும், உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளில் பதினொன்றாம் வகுப்பில் ஒரே ஒருமுறைதான் நடக்கிறது. மாநிலத்தின் டேஷ்போர்டு இதைவிடப் பொறுப்பானது. தேர்வோடு, பள்ளி முடிக்கும் விகிதம், இடைநீக்கங்கள், கல்லூரிக்கோ வேலைக்கோ தயாராக இருப்பது, ஆங்கிலம் கற்பவர்களின் முன்னேற்றம் ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்துச் சிவப்பு முதல் நீலம்வரை ஐந்து நிறங்களில் காட்டும். இன்றைய நிலையோடு முந்தைய ஆண்டிலிருந்து ஏறியதா இறங்கியதா என்பதும் நிறத்தில் சேரும். இவை ஒவ்வொன்றிலும் பள்ளி முழுமைக்கும் ஒரு நிறம், மாணவர்களின் ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு நிறம். பார்க்க வேண்டியது பிரிவினருக்கான நிறங்களை.

காரணம் சொல்கிறேன். மோன்டா விஸ்டாவிலும் லின்ப்ரூக்கிலும் பெரும்பான்மை ஆசியப் பிள்ளைகள். பெற்றோரில் பெரும்பகுதி பட்டமேற்படிப்புப் படித்துத் தொழில்நுட்ப வேலையில் இருப்பவர்கள். ஃப்ரீமாண்ட் ஹைஸ்கூலில் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளும் வருமானம் குறைந்த வீடுகளின் பிள்ளைகளும் கணிசம். போர்டு ஒன்று, ஆசிரியர் சம்பள அட்டவணை ஒன்று, சூப்பரின்டெண்டென்ட் ஒருவர். மதிப்பெண்கள் மட்டும் வெகுவாக வேறுபடுகின்றன. அப்படியானால் மோன்டா விஸ்டாவின் உயர்ந்த எண்ணில் பெரும்பங்கு பிள்ளை வாசலில் நுழையும்போதே கொண்டுவந்தது. பள்ளி நல்ல பள்ளிதான். ஆனால் அந்த எண் பள்ளியின் வேலையை அளக்கவில்லை. 2005இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதே இரண்டு பள்ளிகளைப் பற்றி எழுதியது: படிப்புப் போட்டி மிதமிஞ்சிவிட்டது என்று வெள்ளைக் குடும்பங்கள் விலகிப் போவதாக. அந்தப் போட்டியில் நம் பிள்ளைகளும் தூக்கம் கெட்டு ஓடுகிறார்கள் என்பதை நாம் மறுக்க முடியாது.

மாவட்டத்தின் திறமையை அளக்க ஃப்ரீமாண்ட் ஹைஸ்கூலையே நான் பார்ப்பேன். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர, ‘ஏ டூ ஜி’ என்று சொல்லும் பதினைந்து ஓராண்டுப் பாடங்களைக் குறைந்தது ‘சி’ கிரேடோடு முடிக்க வேண்டும். வீட்டில் யாரும் கல்லூரி பார்க்காத பிள்ளைக்கு அந்தப் பட்டியலை ஒன்பதாம் வகுப்பிலேயே யாராவது எடுத்துச் சொல்கிறார்களா, இரண்டாம் ஆண்டில் அல்ஜீப்ராவில் தடுக்கினால் பிடித்துத் தூக்க ஆள் இருக்கிறதா, எத்தனை பேர் பதினைந்தையும் முடித்து வெளியே வருகிறார்கள்? மிச்சப் பணம் உள்ள மாவட்டம் அந்தப் பணத்துக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான்.

ஹெச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு இந்த மாவட்டத்தின் போர்டுத் தேர்தலில் வாக்கு இல்லை. பேச உரிமை உண்டு. 1953இன் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே வெளிவர வேண்டும். அதில் இல்லாததைப் போர்டு தீர்மானிக்க முடியாது. வந்து பேசுகிறவர் குடியுரிமை காட்ட வேண்டியதில்லை, பெயர் சொல்லும் கட்டாயம்கூட இல்லை. குடியுரிமை பெற்றவர்கள் நவம்பர் வாக்குச்சீட்டில் அதிபர், செனட்டர் பெயர்களோடு நிறுத்திவிடாமல் கீழே போர்டு உறுப்பினர் வரைக்கும் வாருங்கள். மற்றவர்கள் அடுத்த கூட்டத்தின் நிரலைத் திறந்து படியுங்கள், ஒரு மாலை போய் உட்காருங்கள். மைக் உங்கள் முறைக்கு வரும்போது உங்கள் பிள்ளையின் பள்ளியைப் பற்றி மட்டும் கேட்காமல், ஃப்ரீமாண்ட் ஹைஸ்கூலின் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்.